மாமா கொண்டுவராத சேலை

"ஆவணி 9, புதன். அப்பாவின் கருமாதி. கோடி: மாமா வீடு, வரவில்லை."

என் டைரியில் இருக்கும் குறிப்பு இவ்வளவுதான். வருஷத்தை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அறந்தாங்கிப் பக்கத்தில் பலருக்கு யார் வீடு என்று தெரிந்துவிடும். 'வரவில்லை' என்ற சொல்லை அழுத்தி எழுதியதில் அடுத்த பக்கத்திலும் அது பதிந்திருக்கிறது.

நான் ஒரு கிளை நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். புத்தகம் திரும்பி வரவேண்டிய தேதியை முத்திரை குத்துவதுதான் பணிக்காலம் முழுக்க என் வேலை. எது எப்போது வெளியே போனது, எது இன்னும் திரும்பவில்லை என்று பார்க்கிற கண் என்னோடு சேர்ந்து ஓய்வு பெறவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணின் கணவர் இறந்துவிட்டால், கருமாதியன்று அவள் பிறந்த வீட்டிலிருந்து ஒரு சேலை வரவேண்டும். தண்ணீர் படாத புதுச்சேலை. அதைத்தான் கோடி என்பது. அண்ணனோ தம்பியோ அதைத் தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்து, கூடியிருக்கிறவர்கள் முன்னால் அவள் தோளில் போடுவார். புருஷன் போனாலும் பிறந்த வீடு இருக்கிறது என்று ஊருக்குச் சொல்கிற சேலை அது. அம்மாவுக்கு ஒரே அண்ணன். அவருக்கு அறந்தாங்கியில் ஜவுளிக்கடை. சுற்றுப்பட்டில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் கோடி எடுக்க அவர் கடைக்குத்தான் போவார்கள். அத்தனை வீட்டுக்கும் கோடி விற்ற மனிதர், தன் தங்கைக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு ஆவுடையார்கோவில் வரை வரவில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரியும். மாமா மகனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று நான் சொல்லியிருந்தேன். "புள்ளைக்கு இஷ்டமில்லைன்னா விட்டுருவோம்" என்று அப்பாவும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மாமா எங்கள் வாசல் மிதிக்கவில்லை. அந்த மகன் துபாய்க்குப் போய், வேறு பெண்ணைக் கட்டி, நன்றாகத்தான் இருக்கிறார். நானும் கட்டாமல் நன்றாகத்தான் இருக்கிறேன். என்மேல் இருந்த கோபத்தை என்னிடம் காட்டியிருந்தால் சரி. தாலி இழந்து, தலை குனிந்து உட்கார்ந்திருந்தவளிடம் காட்டினார்.

அன்று காலை முழுவதும் அம்மா தெருவைப் பார்த்தபடியே இருந்தார். மாமா வரமாட்டார் என்று தெரிந்ததும் நான் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய் ஒரு நூல்சேலை வாங்கி வந்தேன். வெளிர்நீலம், சாம்பல்நிறக் கரை. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறையான ஒருவர் கையில் கொடுத்து, போடச் சொன்னோம். அம்மா அதை ஒருநாளும் உடுத்தவில்லை. "இது ஒன் காசு ஆத்தா. இது கோடியாகாது" என்று சொல்லி, மடிப்புக் கலையாமல் டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டார்.

அன்றைக்கே நான் ஒரு முடிவெடுத்தேன். அம்மா கண்மூடும் நாளில் பிறந்த வீட்டுக் கடைசிச் சேலை என்று ஒன்று வரும். அதற்கு மாமா வந்தே ஆகவேண்டும், வராவிட்டால் ஊர் காறித் துப்பும். அப்போது எல்லோர் முன்னாலும் தாம்பாளத்தோடு அவரைத் திருப்பி அனுப்புவேன். என்ன சொல்ல வேண்டும் என்பதையும் எழுதித் தயார் செய்து வைத்தேன். பஸ்ஸில் போகும்போதும் நூலகத்தில் கூட்டமில்லாத மதியங்களிலும் அந்த வாக்கியங்களைத் திருத்துவேன். நல்ல வாக்கியங்கள். சுருக்கமானவை. ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியாத அளவுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

பிறகு அம்மாவுக்கு மறதி வந்தது. அடுப்பை மறந்தார், கிழமையை மறந்தார், அப்பா இறந்ததை மறந்தார், மறுபடி நினைத்து அழுதார். ஆனால் ஒன்றை மட்டும் மறக்கவில்லை.

"அண்ணன் கோடி கொண்டாந்தாகளா?"

விடிந்ததிலிருந்து இதே கேள்வி. பதில் வராமல் சோற்றில் கை வைக்க மாட்டார். கேட்டுக்கொண்டே வலது கையால் இடது தோளைத் தடவுவார், பிய்ப்பார், நகத்தால் பிறாண்டுவார். தோளில் ஏதோ இருக்கவேண்டும், அதைக் காணோம் என்று தேடுகிற கை. அந்த இடம் புண்ணாகி, ஆறி, மறுபடி புண்ணாகும். நகத்தை வெட்டினேன். கையுறை மாட்டினேன். உறையைப் பல்லால் கழற்றிவிட்டுப் பிறாண்டினார்.

புதுக்கோட்டையில் பார்த்த பெண் டாக்டர், "கைக்கு வேலை குடுங்க" என்றார். என்ன வேலை என்று படிக்க ஆரம்பித்தேன். மறதி நோய் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைத்ததை எல்லாம் படித்தேன், யூடியூபில் வெளிநாட்டுக் கிழவிகள் தைப்பதைப் பார்த்தேன். கையால் தடவிப் பார்ப்பதற்கென்றே ஒரு போர்வை. மடியளவுதான். மடிவிரிப்பு என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். வெல்வெட், டர்க்கி டவல், சணல்சாக்கு என்று தொட்டால் ஒவ்வொன்றும் ஒரு விதமாக இருக்கும் துண்டுகள். இடையில் திறந்து மூட ஒரு ஜிப், போட்டுக் கழற்ற நாலைந்து பெரிய பட்டன், பின்னுவதற்கு ரிப்பன், கைவிட்டுத் துழாவ ஒரு பாக்கெட். பழைய தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டேன்.

இரண்டு விதிகள் வைத்திருந்தேன். ஒன்று, பட்டனை ரெட்டை நூலில் தைத்து, குறட்டால் இழுத்துப் பார்ப்பது. பிய்த்து விழுங்கிவிடக்கூடாது. இரண்டு, எந்தத் துணியானாலும் இருமுறை துவைத்துக் கஞ்சியும் சாயமும் போன பிறகே வெட்டுவது. வாயில் வைத்துச் சப்புவார்கள்.

அம்மா முதல் விரிப்பில் பட்டனைப் போட்டார், கழற்றினார், ரிப்பனைப் பின்னினார். கொஞ்சநேரம் கை அடங்கியது. பிறகு பழையபடி தோளுக்குப் போய்விட்டது. விரிப்பை எடுத்துத் தோளில் போட்டுவிட்டேன். தடவிப் பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டார்.

"இது கோடி இல்ல."

நான் விரிப்பு தைக்கிற செய்தி அக்கம்பக்கத்தில் பரவி, அறந்தாங்கி வரைக்கும் போனது. பக்கத்துத் தெருவில் பேச்சு வராத ஒரு பெண்குழந்தை, தன் கையைத் தானே கடித்துக்கொள்ளும். அவளுக்குச் சலங்கை மணி வைத்து ஒன்று தைத்தேன். வாதம் வந்து படுத்த ஒரு வாத்தியாருக்கு ஒன்று. அவர் தினமும் ஜிப்பைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு, "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்பாராம்.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வாசலில் கார் நின்றது. மாமாவின் மனைவி, என் அத்தை. எத்தனையோ வருஷம் கழித்துப் படியேறி வந்து, நேற்றுப் பார்த்துப் பிரிந்தவர் மாதிரி உட்கார்ந்தார்.

"என்ன மருமகளே, நல்லா இருக்கியா?"

கட்டமாட்டேன் என்று சொன்னவளை மருமகளே என்று கூப்பிடுவதில் இருக்கும் முள்ளை அவரும் அறிவார், நானும் அறிவேன்.

"நல்லா இருக்கேங்க அத்தை. காப்பி சாப்பிடுறீங்களா?"

"சீனி இல்லாமக் குடு. ஒன் கையால அது போதும்." ஒரு வாய் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். "ஒங்க மாமாவுக்கும் புத்தி தவறிப்போச்சு ஆத்தா. வேட்டிய நூல் நூலாப் பிரிக்கிறாரு. நாளுக்கு ஒரு வேட்டி. கடைய மூடியும் வேட்டி யாவாரம் நிக்கல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதலில் வந்தது கோபம். தப்பித்துவிட்டாரே! இத்தனை வருஷம் நான் திருத்தித் திருத்தி வைத்திருந்த வாக்கியங்களை இனி யாரிடம் போய்ச் சொல்வது? செய்ததே ஞாபகமில்லாத மனிதரிடம் கணக்குக் கேட்டால் அது சுவரிடம் கேட்ட மாதிரி.

அப்போது உள்ளிருந்து அம்மா சுவரைப் பிடித்தபடி வந்தார். அண்ணியை அடையாளம் தெரியவில்லை. வந்திருக்கிறவர் யாரோ என்று கும்பிட்டுவிட்டு, "எங்கண்ணன் கோடி கொண்டாந்தாகளா?" என்று கேட்டார்.

அத்தை பதில் சொல்லட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் காப்பி டம்ளரை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அம்மா இன்னொரு முறை கேட்டார். தோளில் பிளாஸ்திரி ஒட்டிய இடத்தை அத்தை பார்த்தார்.

"இன்னும் வரலையே ஆத்தா" என்றார் கடைசியில், தரையைப் பார்த்து.

அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் அத்தைக்கு இன்னொரு காப்பிகூடப் போட்டுக் கொடுத்திருப்பேன்.

"மாமாவுக்கும் ஒன்னு தச்சுத் தா ஆத்தா. கை சும்மா இருக்க மாட்டேங்குது."

"தச்சுத் தாரேங்க அத்தை" என்றேன். சட்டென்று சொன்னேன். தலை தப்பித்துக்கொண்டால் என்ன, கை இருக்கிறதே!

அடுத்த நாள் டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்த வெளிர்நீலச் சேலையை எடுத்தேன். நான் வாங்கிய கோடி. அவர் தொட்டிருக்க வேண்டிய, தொடாத சேலை. இனி அவர் உயிரோடு இருக்கும் நாள் வரைக்கும் அதைத் தொட்டுக்கொண்டே இருக்கட்டும். சாவு வீட்டுச் சேலையை உயிரோடு இருக்கிற மனிதர் மடியில் விரிக்கலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். கூடாது என்று தெரிந்துதான் விரித்தேன்.

துவைக்கவில்லை. இரண்டாவது விதியை அந்த ஒரு விரிப்புக்கு மட்டும் மீறினேன். துவைத்துவிட்டால் அது பழைய துணி, கோடி இல்லை. பெட்டிக்குள் கிடந்தும் கஞ்சி மொடமொடப்புப் போகவில்லை. புதுத்துணி வாசனையும் போகவில்லை. கரையை வெட்டாமல் விரிப்பைச் சுற்றி முழுசாக ஓடவிட்டேன். எந்தப் பக்கம் தடவினாலும் சேலைக்கரை கையில் படவேண்டும். நடுவில் வெல்வெட், டவல், பட்டன், வழக்கம்போல. ஒரு பெரிய ஜிப். அதைத் திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. மற்றவர்களுக்குத் தைக்கும்போது உள்ளே ஒரு மணியோ, சின்னக் கைக்குட்டையோ வைப்பேன். இதில் வெறும் பை. எங்கள் வீட்டுக்கு அன்று வந்தது அதுதான்.

இத்தனை நேர்த்தியாக நான் வேறெதையும் தைத்ததில்லை. ஒரு பிசிறு கிடையாது. மாசி பிறந்ததும் அத்தை அனுப்பிய டிரைவரிடம் கொடுத்துவிட்டேன். "பிரமாதமா இருக்கும்மா" என்றார் அவர்.

பங்குனியில் அத்தை போன் செய்தார்.

"என்னத்த தச்சுக் குடுத்த ஆத்தா நீ? மடியில விரிக்க விடமாட்டேங்கிறாரு. கடையில சேலை மடிக்கிற மாதிரி மடிச்சு மடிச்சு வைக்கிறாரு. மோந்து பாக்குறாரு. 'யாரு வீட்டுக்குக் கோடி'ங்கிறாரு."

நான் செய்த தப்பு அப்போதுதான் புரிந்தது. ஜவுளிக்கடைக்காரரின் கையை வெறும் கை என்று நினைத்துவிட்டேன். ஆயுள் முழுக்கத் துணி தொட்ட விரல். மொடமொடப்பும் வாசனையும் கரையும் அவருக்கு என்ன சேலை என்று சொல்லிவிட்டன. நான் துவைத்திருந்தால் தெரிந்திருக்காது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல? அவரே சொல்றாரு. 'தங்கச்சி வீட்டுக்குப் போகணும், கார எடு'ங்கிறாரு. மூணு வேளையும் இதே பாட்டு. கார்ல போயி ஏறி உக்காந்துக்கிறாரு, எறங்கிச் சாப்பிட வரமாட்டேங்கிறாரு. கூட்டியாரவா?"

போனை வைத்துவிட்டேன். அதைச் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

சித்திரை பிறந்த வாரம், ஒரு முற்பகல் வந்தார்கள். நான் கேட்டருகே நின்றேன். என் திட்டத்தில் இது அம்மாவின் கடைசி நாளில் நடக்க வேண்டியது. கூட்டம் இருக்கும். இப்போது தெருவில் ஒரு ஆட்டோகூட இல்லை. ஆனாலும் வாக்கியங்கள் நாக்கு நுனியில்தான் இருந்தன.

மாமா சுருங்கிப் போயிருந்தார். வெள்ளை வேட்டி, சட்டை, நெற்றியில் விபூதி. மடித்த விரிப்பை இரண்டு கையிலும் ஏந்தியிருந்தார். என்னை யாரென்று தெரியவில்லை. வீட்டு ஆள் என்று மட்டும் புரிந்துகொண்டார்.

"கோடி போடுற நேரம் தப்பிருச்சா தாயி?" என்று கேட்டார்.

"தப்பி ரொம்ப காலமாச்சுங்க" என்றேன். கேட்டின் தாழ்ப்பாளில் இருந்து கையை எடுக்கவில்லை.

"அதான் ஓடியாறேன்" என்றார். நிஜமாகவே மூச்சு வாங்கியது.

அத்தை பின்னாலிருந்து என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை. நீ தைத்தது, நீயே முடித்துக்கொள் என்பது போலப் பார்த்தார். எனக்கு இரண்டே வழிதான் இருந்தது. வாக்கியங்களைச் சொல்லி அவரைத் திருப்பி அனுப்பலாம். அல்லது கேட்டைத் திறக்கலாம். சொன்னால் அவருக்குப் புரியாது, ஆனால் நான் சொல்லியிருப்பேன். அதுவே எனக்குப் போதும் என்றிருந்தது. வாயைத் திறந்தேன்.

உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "யாரு ஆத்தா? அண்ணன் கோடி கொண்டாந்தாகளா?"

கேட்டைத் திறந்தேன். அவருக்காக இல்லை.

"தட்டு ஒன்னு குடு மருமகளே, வெறுங்கையில எப்புடிப் போடுறது?" என்றார் அத்தை. சேலை என்னுடையது, தையல் என்னுடையது. தாம்பாளமும் என் வீட்டிலிருந்தே போனது. வெற்றிலை பாக்கும் நானே எடுத்து வைத்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அம்மா நாற்காலியில் இருந்தார். மாமா விரிப்பைப் பிரித்து, கரை மேலே வருகிற மாதிரி சரிபார்த்து, அம்மாவின் இடது தோளில் போட்டார். கடையில் பொம்மைக்குச் சேலை போடுகிற கை. ஒரு சுருக்கம் விழவில்லை. அம்மா கரையைத் தடவினார். கசக்கினார். மூக்கில் வைத்து முகர்ந்தார். பிறகு நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார்.

"கடை ஆளா நீங்க?"

மாமா தோளில் கிடந்த கரையை நீவிவிட்டார்.

"அண்ணன் வரலையா? ஒங்கள்ட்டக் குடுத்துவிட்டாகளா?"

எனக்கு உள்ளுக்குள் ஜிவ்வென்று ஏறியது. நான் எழுதி வைத்திருந்த எந்த வாக்கியமும் இதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. இத்தனை வருஷம் வராதவர் வந்து நிற்கிறார், வந்ததாக அவர் பேரில் கணக்கு ஏறவில்லை.

"யாவாரம் ஜாஸ்தி போல" என்றார் அம்மா, விட்டுக்கொடுக்காமல். "பரவாயில்ல. சேலை கெடச்சிருச்சுன்னு அண்ணன்ட்டச் சொல்லிருங்க. வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிச்சிட்டுப் போங்க."

"சொல்லிர்றேன்" என்றார் மாமா. கையைக் கட்டிக்கொண்டு, வாடிக்கையாளர் முன்னால் நிற்கிற மாதிரி நின்றார். மோரைக் குடித்தார். அத்தை புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அங்கிட்டுத் திரும்பிவிட்டார்.

அன்றிலிருந்து அம்மா அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. விரிப்பு தோளிலேயே கிடக்கிறது. கை தோளுக்குப் போகிறது, கரையைத் தொடுகிறது, இறங்கிவிடுகிறது. புண் ஆறிவிட்டது. ஜிப்பைத் திறந்து அந்த வெறும் பைக்குள் தன் கண்ணாடியைப் போட்டு வைத்துக்கொள்கிறார். வருகிறவர்களிடம் எல்லாம், "எங்கண்ணன் குடுத்துவிட்டது" என்கிறார். பால்காரரிடம் சொன்னார், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் சொன்னார். நான் வாங்கி, நான் வெட்டி, வன்மத்தோடு நான் தைத்த சேலை இப்போது அவர் பெயரில் இருக்கிறது. பட்டன் தளர்ந்தால் நான்தான் தைக்கிறேன். அப்போதும் அம்மா, "பாத்துத் தை, அண்ணன் வீட்டுச் சேலை" என்கிறார். மாமாவுக்கு இன்னொரு விரிப்பு தைத்து அனுப்பினேன். இருமுறை துவைத்து.

இது இத்துடன் முடிந்திருந்தால் கணக்கு நேராகியிருக்கும். ஆனால் அன்று காரில் ஏறும்முன் அத்தை ஒன்று சொன்னார்.

"அன்னைக்கும் கடை ஆளுட்டத்தான் குடுத்துவிட்டாரு மருமகளே. தான் வாறதுக்கு வீம்பு. ஆனா சேலைய அவரே எடுத்து, மடிச்சு, கணக்குப்பிள்ளை கையில குடுத்ததை நான் பாத்தேன். ஆவுடையார்கோவில் வந்து வீட்டுல குடுத்துட்டேன்னு அந்த ஆளு வந்து சொன்னாரு."

"யாரும் வரலைங்க அத்தை."

"எனக்குத் தெரியாது. சொன்னதைச் சொல்றேன்."

அண்ணன் வராமல் ஆள் மூலம் அனுப்புவது கோடியாகுமா என்பது வேறு வழக்கு. அதிலும் என்னிடம் வாக்கியங்கள் இருக்கின்றன. ஆனால் அனுப்பினாரா என்பது தேதியும் ஆளும் உள்ள விஷயம், விசாரிக்க முடிந்த விஷயம். விசாரித்தேன். கணக்குப்பிள்ளை கடையை விட்டுப் போய்ப் பல வருஷமாகிறது. திருப்பூரில் மகனோடு இருப்பதாக ஒருவரும், இறந்துவிட்டதாக ஒருவரும் சொன்னார்கள். எங்கள் வீட்டில் அன்று இருந்த பெண்களில் மிஞ்சியிருக்கிறவர்கள் யாருக்கும் அப்படி ஒரு ஆள் வந்ததாக ஞாபகமில்லை. நான் பஸ் ஸ்டாண்ட் கடைக்குப் போயிருந்த நேரத்தில் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அம்மாவிடம் கேட்டுப் பயனில்லை. அவர் "கடை ஆளா நீங்க?" என்று கேட்டது பழைய ஞாபகமா, அந்த நேரத்தில் தோன்றியதா என்று சொல்ல யாராலும் முடியாது.

டைரியில் 'வரவில்லை' என்பதை நான் அடிக்கவில்லை. மாமாவைத் திருப்பி அனுப்பும் வாக்கியங்களையும் கிழித்துப்போடவில்லை. அம்மாவின் நாள் வரும்போது அவை தேவைப்படலாம். பக்கத்தில் பென்சிலால் மட்டும் எழுதியிருக்கிறேன்: "கணக்குப்பிள்ளை மூலம் கொடுத்துவிட்டதாக அத்தை சொல்கிறார். இன்றுவரை உறுதி செய்ய முடியவில்லை."